கிறித்தவ உலகநோக்கும் உயிரியல் வகுப்பறையும்: ஒரு வரலாற்றுப் பார்வை

உலகம் கடவுளின் படைப்பு, அந்தப் படைப்பில் ஒழுங்கு உண்டு, அதைப் பேணும் பொறுப்பு மனிதருக்கு உண்டு என்னும் நம்பிக்கைகளை அடித்தளமாகக் கொண்டு உயிரினங்களைப் பற்றிக் கற்பிப்பதைக் கிறித்தவ உலகநோக்கில் உயிரியல் கற்பித்தல் என்கிறோம். இன்று இச்சொற்றொடரைக் கேட்டவுடன் பலருக்கும் அமெரிக்க நீதிமன்ற வழக்குகள்தாம் நினைவுக்கு வரும். பரிணாமக் கொள்கையைப் பள்ளியில் கற்பிக்கலாமா, கூடாதா என்ற சச்சரவாகவே அது பரவலாக அறியப்பட்டிருக்கிறது. ஆனால் அந்தச் சச்சரவுக்கு வயது ஏறத்தாழ நூறு ஆண்டுகள்தாம். அதற்கு முன்னர் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக, ஐரோப்பாவில் செடிகொடிகளையும் பூச்சிகளையும் பாடப்பொருளாக்கி மாணவர் கையில் கொடுத்தவர்களில் பலர் குருமார்களும் இறைப்பற்று மிக்க ஆசிரியர்களுமே.

ஒரே நம்பிக்கை ஒரு காலத்தில் மாணவரைத் தோட்டத்துக்கும் காட்டுக்கும் அனுப்பியது. இன்னொரு காலத்தில் பாடநூலின் சில பக்கங்களை மூடச் செய்தது. இந்த மாற்றம் எப்படி நேர்ந்தது என்பதை வகுப்பறையின் பக்கம் நின்று காண்பது இக்கட்டுரையின் நோக்கம்.

உலகநோக்கு என்னும் சொல்

'உலகநோக்கு' என்பது ஜெர்மன் மொழிச் சொல் ஒன்றின் வழியே வந்தது. தத்துவ அறிஞர் இம்மானுவேல் காண்ட் 1790இல் வெளியிட்ட நூலில் அச்சொல்லை ஆண்டார். நூறாண்டுகளுக்குப் பின், ஸ்காட்லாந்து இறையியலாளர் ஜேம்ஸ் ஓர் 1893இல் நூலாக வெளியிட்ட தம் சொற்பொழிவுகளிலும், நெதர்லாந்தின் ஆபிரகாம் கைப்பர் 1898இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் ஆற்றிய உரைகளிலும் இக்கருத்தைக் கிறித்தவச் சிந்தனைக்குள் கொண்டுவந்தனர். கல்வி, அரசியல், அறிவியல், கலை ஆகிய அனைத்தையும் நோக்குவதற்குக் கிறித்தவத்திடம் முழுமையான ஒரு கண்ணோட்டம் உண்டு என்பது அவர்களுடைய வாதம். 20ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் கிறித்தவப் பள்ளிகள் இச்சொல்லை எடுத்துக்கொண்டன. சொல் புதிது, அது சுட்டும் பழக்கம் மிகப் பழையது.

கடவுள் எழுதிய இரண்டு நூல்கள்

இயற்கையும் வேதமும் கடவுள் தந்த இரண்டு நூல்கள் என்று இடைக்கால ஐரோப்பியச் சிந்தனையாளர்கள் கருதினர். இரண்டையும் தந்தவர் ஒருவரே என்பதால், சரியாகப் படித்தால் அவை முரண்படமாட்டா என்பது அவர்கள் துணிபு. அவர்களுக்கும் முன்பே, 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வட ஆப்பிரிக்க ஆயர் அகுஸ்தீன் ஆதியாகமத்துக்கு எழுதிய உரையில் ஓர் எச்சரிக்கை விடுத்தார். வானத்தைப் பற்றியும் விலங்குகளைப் பற்றியும் பிற மக்கள் அனுபவத்தால் நன்கறிந்த செய்திகளில், வேதத்தின் பெயரைச் சொல்லிக் கிறித்தவர் தவறாகப் பேசினால், கேட்போர் வேதம் கூறும் மேலான செய்திகளையும் நம்பமாட்டார்கள் என்றார் அவர். பின்னர் நடந்த பலவற்றுக்கு இந்த எச்சரிக்கை பொருந்துவதைக் காண்போம்.

இயற்கை என்னும் நூலை உண்மையாகவே உட்கார்ந்து படித்தவர் ஜான் ரே (1627–1705). இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில் கொல்லர் ஒருவரின் மகனாகப் பிறந்து, கேம்பிரிட்ஜில் ஆசிரியராகி, 1660இல் குருப்பட்டம் பெற்றார். 1662இல் அரசு கோரிய சமய உறுதிமொழியை ஏற்க அவர் மனச்சான்று இடம் தரவில்லை. பதவியை விட்டு வெளியேறினார். அதன்பின் நண்பர்களின் ஆதரவில் வாழ்ந்து, மூன்று பெருந்தொகுதிகளாகத் தாவர வரலாற்றை எழுதினார். ஒருவித்திலைத் தாவரம், இருவித்திலைத் தாவரம் என்று இன்றும் பள்ளியில் நாம் கற்கும் பாகுபாட்டை முறைப்படுத்தியவர்களில் அவர் முதன்மையானவர். ஒரே தாவரத்தின் விதையிலிருந்து தோன்றும் செடிகள் தம்முள் எவ்வளவு வேறுபட்டாலும் ஒரே சிற்றினத்தைச் சேர்ந்தவை என்று சிற்றினத்துக்கு வரையறை தந்தார்.

படைப்பில் வெளிப்படும் கடவுளின் ஞானத்தைப் பற்றி 1691இல் ரே வெளியிட்ட நூல் நெடுங்காலம் படிக்கப்பட்டது. கண்ணின் அமைப்பு, பறவையின் சிறகு, விதையின் உறை என்று ஒவ்வொன்றையும் அதில் விளக்கினார். அழுகிய பொருளிலிருந்து பூச்சிகள் தாமாகவே தோன்றும் என்ற பழங்கருத்தையும் அவர் மறுத்தார். கடவுளைப் போற்றுவதற்காகத் தொடங்கிய நூலில் கவனிப்பும் ஆய்வும் நிறைந்திருந்தன. இயற்கையைக் கொண்டு இறைவனை அறியும் இம்முறைக்கு 'இயற்கை இறையியல்' என்று பெயர்.

லின்னேயசின் மாணவர் படை

சுவீடனின் கார்ல் லின்னேயஸ் (1707–1778) லூத்தரன் குரு ஒருவரின் மகன். கடவுள் படைத்தவற்றை வரிசைப்படுத்துவதே தம் பணி என்று எண்ணியவர். 1735இல் இயற்கையின் ஒழுங்குமுறை பற்றிய நூலையும், 1753இல் தாவரச் சிற்றினங்கள் பற்றிய நூலையும் வெளியிட்டார். பேரினப் பெயர், சிற்றினப் பெயர் என்று இரு சொற்களால் உயிரினத்தைக் குறிக்கும் வழக்கம் அவராலேயே நிலைபெற்றது.

ஆசிரியர் என்ற முறையில் அவர் செய்தது இதைவிடச் சுவையானது. மகரந்தத்தாள்களையும் சூலகங்களையும் எண்ணத் தெரிந்தாலே ஒரு பூவை அதன் வகுப்பில் சேர்த்துவிடலாம் என்ற எளிய முறையை அவர் தந்தார். எண்ணத் தெரிந்த எவரும் தாவரவியல் கற்கத் தொடங்கலாம் என்றாயிற்று. உப்சாலா பல்கலைக்கழகத்திலிருந்து பெருந்திரளான மாணவர்களை வயல்வெளிக்கு அழைத்துச் செல்வார். மாலையில் கொம்பும் முரசும் ஒலிக்க ஊர் திரும்புவார்கள்.

இதே லின்னேயஸ்தான் மனிதனைக் குரங்குகளோடு ஒரே வரிசையில் வைத்தார். டார்வின் பிறப்பதற்கு எழுபது ஆண்டுகளுக்கு முன்னரே இதைச் செய்தார் என்பது கவனிக்கத் தக்கது. எதிர்ப்பு எழுந்தபோது, இயற்கை ஆய்வின்படி மனிதனைக் குரங்கிலிருந்து பிரிக்கும் பேரின அடையாளம் ஏதேனும் உண்டா, காட்டுங்கள் என்று கேட்டார். தாம் கண்டதை நம்பிக்கைக்காக மாற்றி எழுத அவர் விரும்பவில்லை. அதனால் நம்பிக்கையையும் அவர் கைவிடவில்லை.

பேலியின் கடிகாரம்

இயற்கை இறையியலின் புகழ்பெற்ற பாடநூல் 1802இல் வெளிவந்தது. அதை எழுதிய ஆங்கிலக் குரு வில்லியம் பேலி (1743–1805) ஓர் உவமையுடன் தொடங்கினார். வெட்டவெளியில் ஒரு கடிகாரம் கிடந்தால், அதன் சக்கரங்களும் வில்லும் பொருந்தி இயங்குவதைக் கண்டு, இதைச் செய்தவர் ஒருவர் இருக்கவேண்டும் என்று கருதுவோம். உயிர்களின் உறுப்புகள் கடிகாரத்தைவிட நுட்பமாகப் பொருந்தியிருப்பதால், அவற்றுக்கும் வடிவமைத்தவர் உண்டு என்பது பேலியின் வாதம். கேம்பிரிட்ஜில் 1828 முதல் 1831 வரை பயின்ற சார்லஸ் டார்வின் பேலியின் நூல்களை ஆர்வத்துடன் படித்தார். உறுப்பு ஒவ்வொன்றும் எந்தப் பயனுக்காக, எப்படிப் பொருந்துகிறது என்று கேட்கும் பழக்கத்தைப் பேலியின் நூல் வளர்த்தது. டார்வின் பிற்காலத்தில் வேறு விடை கண்டாலும், கேள்வி பேலி கேட்டதுதான்.

இம்முறையில் ஒரு பலவீனமும் இருந்தது. உறுப்புகளின் பொருத்தத்தையே கடவுளுக்குச் சான்றாக வைத்துவிட்டால், அப்பொருத்தத்துக்கு இயற்கையான காரணம் கண்டுபிடிக்கப்படும் நாளில் சான்று ஆட்டம் காணும். உவமையின் அடிப்படையே உறுதியற்றது என்று டேவிட் ஹியூமின் உரையாடல் நூல் 1779இலேயே சுட்டிக்காட்டியிருந்தது. வகுப்பறைகள் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

ஹிட்சம் கிராமப் பள்ளி

டார்வினுக்குக் கேம்பிரிட்ஜில் வழிகாட்டியாக இருந்தவர் ஜான் ஸ்டீவன்ஸ் ஹென்ஸ்லோ (1796–1861). அவர் தாவரவியல் பேராசிரியர், குருவும்கூட. பீகிள் கப்பலில் செல்ல டார்வினைப் பரிந்துரைத்தவர் அவரே. 1837இல் சஃபோக் பகுதியிலுள்ள ஹிட்சம் என்னும் சிற்றூரின் பங்குக் குருவானார். ஏழ்மை மிக்க ஊர். உழவுக் கூலிகளின் பிள்ளைகளுக்குப் படிப்பு என்பதே அரிதாக இருந்தது.

அங்கே அவர் பள்ளி ஒன்றை அமைத்து, 1850களில் விருப்பப்பட்ட பிள்ளைகளுக்குத் தாவரவியல் கற்பித்தார். வகுப்பில் சேர நுழைவுத் தேர்வு உண்டு: சில கடினமான தாவரவியல் சொற்களைப் பிழையின்றி எழுத்துக்கூட்டவேண்டும். பிறகு ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பூவைப் பிரித்து, புல்லி எத்தனை, அல்லி எத்தனை, மகரந்தத்தாள் எத்தனை, சூலகம் எவ்வாறு அமைந்துள்ளது என்று பார்த்துக் கட்டமிட்ட ஒரு தாளில் நிரப்பவேண்டும். ஊரைச் சுற்றி வளரும் செடிகளைப் பிள்ளைகளே தேடிக் கொண்டுவந்தனர். பல்கலைக்கழகத்தில் கற்பித்ததைக் கிராமத்துப் பிள்ளைகளுக்கும் நீர்க்காமல் கற்பிக்க முடியும் என்று அவர் காட்டினார். தாவரவியல் பள்ளிப் பாடமாவதற்கு அவருடைய முறை முன்மாதிரியாக அமைந்தது.

ஹென்ஸ்லோ டார்வினின் முடிவுகளை முழுவதும் ஏற்றவர் அல்லர். ஆனால் 1860இல் ஆக்ஸ்ஃபோர்டில் டார்வினின் நூல் குறித்து நடந்த பெயர்பெற்ற விவாதக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கி, இரு தரப்பும் பேச வழிவிட்டவர் அவரே.

தரங்கம்பாடியும் மானிப்பாயும்

இந்த மரபின் இரு கிளைகள் தமிழர் வாழும் நிலத்தையும் தொட்டன. லின்னேயசிடம் பயின்ற யோகான் கெரார்டு கோனிக் 1768இல் மருத்துவராகத் தரங்கம்பாடிக்கு வந்து, அங்கிருந்த லூத்தரன் மிஷனரிகளைத் தாவர ஆய்வில் ஈடுபடுத்தினார். 1776இல் வந்த யோகான் பீட்டர் ராட்லர் இப்பகுதிச் செடிகளைச் சேகரித்து ஐரோப்பிய அறிஞர்களுக்கு அனுப்பினார். தமிழ்–ஆங்கில அகராதியைத் தொகுத்தவரும் அவரே. அங்கே பள்ளி நடத்திய கிறிஸ்டோஃப் சாமுவேல் யோன் பாம்புகள் முதலிய உயிரினங்களைச் சேகரித்தார். நம் ஊர்களில் இருதலைப் பாம்பு என்று அழைக்கப்படும் மண்ணுளிப் பாம்பின் அறிவியல் பெயரான எரிக்ஸ் ஜானியை என்பது இவரை நினைவுகூர்ந்து சூட்டப்பட்டது.

இன்னொரு கிளை யாழ்ப்பாணத்தில் வளர்ந்தது. அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் அங்கு வந்து, மானிப்பாயில் மாணவர்களுக்கு மருத்துவம் கற்பித்தார். ஆங்கிலத்தில் கற்றவர்கள் ஊரை விட்டு அரசுப் பணிக்குப் போய்விடுவதைக் கண்ட அவர், தமிழிலேயே கற்பிக்கத் துணிந்தார். உடற்கூறு, உடலியல், பேறுகால மருத்துவம் முதலிய துறைகளின் நூல்கள் அவர் முயற்சியால் தமிழில் வந்தன, கலைச்சொற்களும் உருவாக்கப்பட்டன. உடலின் இயக்கத்தைத் தாய்மொழியில் விளங்கிக்கொண்ட ஒரு தலைமுறை மருத்துவர்கள் அங்கே உருவாயினர். கிறீனின் நோக்கம் சமயப் பணி; ஆனால் நாடித்துடிப்பையும் நரம்பையும் விளக்கும் பாடத்தில் அவர் குறை வைக்கவில்லை.

டார்வினுக்குப் பின் இரு விடைகள்

1859இல் டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' வெளிவந்தது. உயிரினங்களிடையே இயல்பாகவே வேறுபாடுகள் தோன்றுகின்றன. சூழலுக்குப் பொருந்தியவை மிகுதியாகப் பிழைத்துச் சந்ததி பெருக்குகின்றன. நெடுங்காலத்தில் இது புதிய சிற்றினங்களுக்கு வழிவகுக்கிறது. இதுவே இயற்கைத் தேர்வு. பேலி காட்டிய பொருத்தத்துக்கு இயற்கையான காரணம் கிடைத்துவிட்டது.

கிறித்தவ ஆசிரியர்கள் எல்லாரும் இதை ஒரே விதமாக எதிர்கொள்ளவில்லை. ஹார்வர்டின் தாவரவியல் பேராசிரியர் ஆசா கிரே (1810–1888) ஆழ்ந்த இறைப்பற்றாளர். 1857, 1858ஆம் ஆண்டுகளில் அவர் எழுதிய எளிய தாவரவியல் நூல்கள் அமெரிக்கப் பள்ளிகளில் பரவின. அமெரிக்காவில் டார்வினுக்காக முதலில் வாதாடியவரும் அவரே. கடவுள் பரிணாமத்தின் வழியே செயல்படலாம் என்பது கிரேயின் நிலை. டார்வின் இதை ஒப்பவில்லை. புழுவின் உயிருள்ள உடலுக்குள்ளேயே வளர்ந்து அதைத் தின்னும் குளவிக் குடும்பத்தை அன்பே உருவான கடவுள் திட்டமிட்டுப் படைத்திருப்பாரா என்று 1860இல் கிரேக்கு எழுதிய கடிதத்தில் கேட்டார். நண்பர்கள் இருவரும் இந்தக் கேள்வியை முடிக்காமலே கடைசிவரை நட்பாக இருந்தனர். பிரின்ஸ்டன் இறையியலாளர் சார்லஸ் ஹாட்ஜ் வேறு முடிவுக்கு வந்தார். வடிவமைப்பை மறுப்பதால் டார்வினியம் நாத்திகமே என்று 1874இல் எழுதினார்.

அதே காலத்தில், இந்த விவாதங்களுக்கு வெகுதூரத்தில், புருனோ நகரின் அகுஸ்தீனியத் துறவி கிரெகர் மெண்டல் (1822–1884) பட்டாணிச் செடிகளை வளர்த்துக்கொண்டிருந்தார். 1854 முதல் 1868 வரை அவர் பள்ளி ஆசிரியர். நிரந்தர ஆசிரியருக்கான தகுதித் தேர்வில் தேறாததால் மாற்று ஆசிரியராகவே பணிபுரிந்தார். எட்டு ஆண்டுகள் பல்லாயிரக்கணக்கான செடிகளை எண்ணி, மரபுப் பண்புகள் தலைமுறைகளில் வெளிப்படும் விகிதங்களை 1865இல் எடுத்துரைத்தார். 1900 வரை எவரும் அதைப் பெரிதாகக் கருதவில்லை. இன்று மெண்டலின் விதிகளின்றி உயிரியல் பாடம் இல்லை.

1925: டேட்டன் நகர வழக்கு

பின்னர் ஏன் மோதல் வெடித்தது? ஒரு முக்கியக் காரணம் பள்ளிக்கூடம்தான். அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் 1890இல் ஏறத்தாழ 2 லட்சம் மாணவர்கள் இருந்தனர். 1920இல் அது சுமார் 20 லட்சமாயிற்று. அதுவரை பல்கலைக்கழக அறிஞர்கள் விவாதித்த செய்தி, விவசாயிகளின் வீட்டுக்குப் பிள்ளைகளின் பாடநூல் வழியே வந்து சேர்ந்தது. என் வரிப்பணத்தில் என் பிள்ளைக்கு என்ன கற்பிக்கலாம் என்று பெற்றோர் கேட்கத் தொடங்கினர்.

1925இல் டென்னசி மாநிலம், மனிதன் கீழ்நிலை விலங்கிலிருந்து தோன்றினான் என்று அரசுப் பள்ளிகளில் கற்பிப்பதைச் சட்டத்தால் தடுத்தது. அச்சட்டத்தைச் சோதிக்கும் வழக்கில் டேட்டன் நகர இளம் ஆசிரியர் ஜான் ஸ்கோப்ஸ் குற்றவாளி எனத் தீர்ப்பாகி, 100 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. அபராதம் விதித்த முறையில் இருந்த சட்டக் குறையைக் காட்டி மேல் நீதிமன்றம் 1927இல் தீர்ப்பை நீக்கியது. சட்டம் மட்டும் 1967 வரை நீடித்தது.

இவ்வழக்கைப் பற்றிய இரு செய்திகள் பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை. அரசுத் தரப்பில் வாதாடிய வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன், படைப்பின் ஆறு நாள்கள் 24 மணி நேர நாள்களாக இருக்கவேண்டியதில்லை என்று குறுக்கு விசாரணையில் ஒப்புக்கொண்டார். வலியவர் வாழ்வார் என்ற எண்ணம் போருக்கும் ஏழைகளைப் புறக்கணிப்பதற்கும் சாக்காகிவிடும் என்பது அவருடைய பெரும் அச்சம். அந்த அச்சத்துக்கு அடிப்படை இல்லாமலும் இல்லை. வழக்குக்குக் காரணமான, 1914இல் ஜார்ஜ் வில்லியம் ஹன்டர் எழுதிய பாடநூல், மனித இனங்களை உயர்வு தாழ்வாக அடுக்கியது. 'தகுதியற்றோர்' பிள்ளை பெறுவதைத் தடுக்கவேண்டும் என்ற இனமேம்பாட்டுக் கருத்தையும் அறிவியல் என்றே கற்பித்தது. அந்தப் பகுதி தவறு. அதே நூலின் பரிணாமப் பகுதி தவறன்று. இரண்டையும் பிரித்துப் பார்க்க அன்றைய வழக்காடுமன்றத்தில் எவருக்கும் பொறுமை இருக்கவில்லை.

விளைவு மாணவர் தலையில் விழுந்தது. வழக்குக்குப் பின் பதிப்பாளர்கள் அஞ்சினர். ஹன்டரின் நூல் 1926இல் திருத்தப்பட்டபோது பரிணாமம் என்னும் சொல்லே மறைந்தது. அடுத்த முப்பது ஆண்டுகள் பல அமெரிக்கப் பாடநூல்கள் அப்பொருளைத் தொடாமலோ மேலோட்டமாகவோ கடந்தன.

பாடநூல்கள் பிரிந்த காலம்

1957இல் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியபின், அமெரிக்கா அறிவியல் கல்வியைச் சீரமைத்தது. 1958இல் உருவான உயிரியல் பாடத்திட்ட ஆய்வுக் குழு 1963இல் வெளியிட்ட நூல்கள் பரிணாமத்தை மீண்டும் பாடத்தின் மையத்தில் வைத்தன. அதே ஆண்டுகளில் எதிர்முனையும் வலுப்பெற்றது. 1961இல் விட்காம், மாரிஸ் இருவரும் எழுதிய நூல், பூமியின் பாறை அடுக்குகளை நோவா காலத்து வெள்ளத்தால் விளக்க முயன்றது. அரசுப் பள்ளிகளில் செபமும் வேத வாசிப்பும் சட்டவிரோதம் என உச்ச நீதிமன்றம் 1962, 1963இல் தீர்ப்பளித்ததும், இன ஒருங்கிணைப்பை ஏற்காத வெள்ளையர் பலர் அரசுப் பள்ளிகளை விட்டு விலகியதும் தனியார் கிறித்தவப் பள்ளிகள் பெருகுவதற்குக் காரணங்களாயின. அவற்றுக்கென்று தனி உயிரியல் நூல்கள் தேவைப்பட்டன.

இந்நூல்களில் உயிரணு, ஒளிச்சேர்க்கை, இரத்த ஓட்டம் முதலிய பாடங்கள் பிற நூல்களில் உள்ளவாறே இருந்தன. படைப்பைப் பேணும் கடமையும் வலியுறுத்தப்பட்டது. ஆனால் உயிர்களின் வரலாறு வரும் இடத்தில் நிலைமை வேறு. பரவலாகப் பயன்பட்ட நூலொன்றின் முன்னுரை, வேதத்துக்கு முதலிடம், அறிவியலுக்கு இரண்டாமிடம் என்று வெளிப்படையாகக் கூறியது. எத்தனை சான்றுகள் துணைநின்றாலும், வேதத்துக்கு மாறான முடிவு தவறானதே என்றும் கூறியது. ரேயும் லின்னேயசும் படைப்பாளரை நம்பிய பிறகே எண்ணத் தொடங்கினார்கள். இங்கே எண்ணி முடிப்பதற்கு முன்பே விடை எழுதப்பட்டுவிட்டது.

நீதிமன்றங்களில் உயிரியல்

அரசுப் பள்ளிகளில் படைப்புக் கொள்கையையும் சரிசமமாகக் கற்பிக்கவேண்டும் என்று 1981இல் ஆர்கன்சா மாநிலம் சட்டம் இயற்றியது. அதை எதிர்த்து வழக்குத் தொடுத்தவர்களில் முதற்பெயர் ஒரு மெதடிஸ்ட் குருவுடையது. கத்தோலிக்க, ஆங்கிலிக்கன் மரபு, மெதடிஸ்ட் சபைகளின் ஆயர்களும் அவருடன் நின்றனர். நம்பிக்கையை அறிவியல் என்று பெயர் மாற்றிக் கற்பிப்பது சமயத்துக்கும் நல்லதன்று என்று அவர்கள் கருதினர். 1982இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. லூசியானாவின் இதே போன்ற சட்டத்தை உச்ச நீதிமன்றம் 1987இல் 7க்கு 2 என்ற பெரும்பான்மையில் தள்ளியது.

பின்னர் 'அறிவார்ந்த வடிவமைப்பு' என்ற பெயரில் பேலியின் வாதம் புதிய உருவில் வந்தது. பாக்டீரியாவின் கசையிழை போன்ற அமைப்புகள் படிப்படியாகத் தோன்ற முடியாத அளவு சிக்கலானவை என்றார் உயிர்வேதியியலாளர் மைக்கேல் பெஹி. 2004இல் பென்சில்வேனியாவின் டோவர் நகரப் பள்ளிக் குழு, இக்கருத்தைக் குறிப்பிடும் அறிக்கை ஒன்றை ஒன்பதாம் வகுப்பு உயிரியல் மாணவர்முன் வாசிக்க ஆணையிட்டது. உயிரியல் ஆசிரியர்கள் வாசிக்க மறுத்தனர். நிர்வாகிகளே வகுப்புக்கு வந்து வாசித்தனர். பெற்றோர் தொடுத்த வழக்கில் முதல் அறிவியல் சாட்சியாக நின்றவர் கென்னத் மில்லர். அவர் பள்ளி உயிரியல் பாடநூல் ஆசிரியர், கத்தோலிக்க நம்பிக்கையாளர். கசையிழையின் பகுதிப் புரதங்கள் வேறு பாக்டீரியாக்களில் வேறு பணி செய்வதை அவர் விளக்கினார். பரிந்துரைக்கப்பட்ட துணைநூலின் பழைய கைப்படிகளில் 'படைப்பு' என்றிருந்த இடங்கள் 1987 தீர்ப்புக்குப் பின் 'வடிவமைப்பு' என மாற்றப்பட்டதும் நிறுவப்பட்டது. 2005 டிசம்பர் 20 அன்று நீதிபதி ஜான் ஜோன்ஸ் பெற்றோருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார்.

அதே 2005இல் கலிபோர்னியாவில் இன்னொரு வழக்கு தொடங்கியது. முன்சொன்ன வகைக் கிறித்தவப் பாடநூலை மட்டும் கொண்டு படித்த உயிரியலைக் கலிபோர்னியப் பல்கலைக்கழகம் சேர்க்கைக்குரிய பாடமாக ஏற்கவில்லை. கிறித்தவப் பள்ளிகளின் கூட்டமைப்பு இதைச் சமய ஒடுக்குமுறை என்றது. சமயக் கருத்து சேர்ந்திருப்பது தடையன்று, அறிவியல் முறையையும் அடிப்படைக் கொள்கைகளையும் போதுமான அளவு கற்பிக்கவில்லை என்பதே குறை என்று பல்கலைக்கழகம் வாதிட்டது. பள்ளிகளின் தரப்பில் அறிக்கை அளித்த பெஹி, நூலில் வழக்கமான பாடச் செய்திகள் உள்ளன என்று காட்டினார். அவை எவ்வளவு ஆழமாகத் தரப்பட்டுள்ளன என்பதை அவர் ஆராயவில்லை என்று நீதிமன்றம் குறிப்பிட்டது. 2008இல் பல்கலைக்கழகம் வென்றது. 2010இல் மேல்முறையீட்டிலும் அத்தீர்ப்பே நிலைத்தது. பெரியவர்கள் ஐந்து ஆண்டுகள் வழக்காடினார்கள். தான் படித்த உயிரியல் கல்லூரி வாசலில் செல்லுமா என்று தெரியாமல் நின்றவர்கள் பதினாறு பதினேழு வயது மாணவர்கள்.

மூன்றாவது வழி

இவ்வழக்குகளை மட்டும் பார்ப்பவர், நம்பிக்கையும் உயிரியலும் சேர்ந்து வாழா என்று எண்ணக்கூடும். நடைமுறை அப்படி இல்லை. மரபியலையும் பரிணாமத்தையும் இணைத்து 1937இல் நூல் எழுதிய தியடோசியஸ் டாப்ஜான்ஸ்கி கிழக்கு மரபுக் கிறித்தவர். பரிணாமத்தின் ஒளியில்லாமல் உயிரியலில் எதுவும் பொருள்படாது என்று அவர் வாதிட்ட கட்டுரை 1973இல் அமெரிக்க உயிரியல் ஆசிரியர்களுக்கான இதழில்தான் வெளிவந்தது. தாம் படைப்பையும் பரிணாமத்தையும் ஒருங்கே ஏற்பவர் என்று அதிலேயே கூறினார். மனித மரபணுத் தொகுப்பைப் படிக்கும் பெருந்திட்டத்துக்குத் தலைமை தாங்கிய பிரான்சிஸ் காலின்ஸ் தம் கிறித்தவ நம்பிக்கையை விளக்கி 2006இல் நூல் எழுதினார். பரிணாமம் வெறும் கருதுகோள் என்ற நிலையைக் கடந்துவிட்டது என்று திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1996இல் அறிவித்தார். உலகெங்கும் கத்தோலிக்கப் பள்ளிகள் பொதுவான பாடத்திட்டத்தின்படியே பரிணாமத்தைக் கற்பிக்கின்றன.

முடிவுரை

இந்த வரலாற்றிலிருந்து மாணவர்கள் எடுத்துக்கொள்ளத் தக்கவை சில உண்டு. ஆய்வுக்குத் தூண்டும் காரணம் ஒருவருக்கு இறைப்பற்றாக இருக்கலாம். வேறொருவருக்கு வியப்பாகவோ நோய் தீர்க்கும் விருப்பமாகவோ இருக்கலாம். அக்காரணத்தைக் கொண்டு ஆய்வின் முடிவைத் தள்ளவோ கொள்ளவோ வேண்டியதில்லை. மெண்டல் துறவி என்பதற்காக 3:1 என்ற விகிதத்தை நாம் ஏற்கவில்லை. பட்டாணிகளை யார் எண்ணினாலும் அவ்விகிதம் வருவதால் ஏற்கிறோம். உயிர்கள் எப்படி வந்தன என்பது ஒரு கேள்வி, வாழ்வுக்குப் பொருள் என்ன என்பது இன்னொரு கேள்வி என்று பிரித்தறிவதும் பயன் தரும். ஹன்டரின் பாடநூல் முதற்கேள்விக்கான அறிவைக் கொண்டு இரண்டாவதற்குக் கொடிய விடை சொன்னது. அதை எதிர்த்தவர்கள் இரண்டாவதற்கான நம்பிக்கையைக் கொண்டு முதற்கேள்வியை மூடினார்கள்.

ஆசிரியர்களுக்கு ஹிட்சம் பள்ளி ஓர் எளிய அளவுகோலைத் தருகிறது. எந்த உலகநோக்கில் கற்பித்தாலும், பாடம் முடிந்தபின் பிள்ளை பூவைக் கையில் எடுத்துப் பார்க்கிறதா என்று கவனிக்கலாம். ஹென்ஸ்லோ குரு, மறையுரை ஆற்றும் கடமை உள்ளவர். ஆயினும் தம் மாணவர்களுக்கு அவர் கொடுத்த தாளில் கட்டங்கள் காலியாகவே இருந்தன. அல்லி எத்தனை என்பதைப் பிள்ளைதான் பூவைப் பிரித்து எண்ணி எழுதவேண்டும்.